ஈரத்தில் எதுவும் ஒட்டாது

ஓரஸ்ட் தீவு, மே 9

ரூனே,

கைபேசியில் என் எண்ணை நீ தடுத்து வைத்திருப்பது தெரியும். தபால்காரியைத் தடுக்கும் வசதி இன்னும் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நேற்று அன்னெலி பேசினாள். உன் மனைவி மூன்று வருடம் கழித்து என்னைக் கூப்பிட்டு, முதலில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று கேட்டாள். தென்மேற்கு என்றேன். பிறகு அழுதாள்.

அவள் சொன்னதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா பார். உனக்குக் கல்லீரலில் கட்டி. ஒன்றுதான், சிறியதுதான். இப்போதே வெட்டினால் எடுத்துவிடலாம். இலையுதிர் காலம் வரை விட்டால் எதுவும் சொல்வதற்கில்லை. உன் இதயத்தில் இருப்பதோ உலோக வால்வு. அது அடைத்துக்கொள்ளாமலிருக்க, ரத்தம் உறையாதபடி ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிடுகிறவன் நீ. மாத்திரையை நிறுத்திவிட்டு வெட்டலாம். ஆனால் உடனே மறுபடி தொடங்கியாக வேண்டும். தொடங்கினால் வெட்டிய இடம் கசியும். கல்லீரல் என்பது ரத்தத்தில் ஊறிய பஞ்சு.

இதற்காகவே அந்த ஆஸ்பத்திரியில் ஒரு பசையைச் சோதித்துப் பார்க்கிறார்கள். படகின் அடியில் வெள்ளைக் கூம்பாக அப்பிக்கொள்ளுமே, கொட்டலசு, அது கடலுக்குள் ஒட்டும் விதத்தைப் பார்த்துச் செய்த பசை. ரத்தம் உறையட்டும் என்று காத்திருக்காது. வழியும்போதே அப்பி அழுத்தலாம். உன்னைச் சேர்த்துக்கொள்ளத் தயாராக இருக்கிறார்கள். நீதான் கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்துவிட்டாய்.

அந்தப் பசைக்கும் எனக்கும் சம்பந்தம் கிடையாது. நான் கடல் ஆய்வு நிலையத்தில் கொட்டலசுக் குஞ்சுகளை எண்ணுகிறவள். “இந்த வாரம் ஒட்ட வருகின்றன, படகின் அடியைத் தேயுங்கள்” என்று கோடையில் படகுக்காரர்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்புகிறவள். அந்தச் செய்தியை மட்டும் நீ தடுத்திருக்க மாட்டாய் என்று நினைக்கிறேன்.

என் மேல் உள்ள கோபம்தான் காரணம் என்றால் சொல்லிவிடு. அப்பா விட்டுப்போன படகில் உனக்குப் பாதி, எனக்குப் பாதி. கொட்டலசு ஒட்டாமலிருக்க நீ அதில் தடைசெய்யப்பட்ட விஷப் பெயின்ட்டை அடித்தாய். நான் படகுச் சங்கத்தில் சொன்னேன், அவர்கள் படகைக் கடலில் இறக்க விடவில்லை. நாளைக்கு நீ மறுபடி அடித்தாலும் மறுபடி சொல்வேன். அதற்காக நீ சாக வேண்டிய அவசியமில்லை.

சீவ்


கோதென்பர்க், மே 15

மரியாதைக்குரிய அக்கா அவர்களுக்கு,

(இப்படி ஆரம்பித்தால்தான் எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை என்பது உனக்குப் புரியும்.)

அன்னெலி குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு உன்னோடு பேசினாள். எனக்குக் கேட்காது என்று நினைப்பு. நான் முடிவெட்டுகிறவன். குழாய்ச் சத்தத்துக்கும் முடி உலர்த்திச் சத்தத்துக்கும் மேலே அடுத்தவர் பேச்சைக் கேட்டே பிழைப்பு நடத்துகிறவன்.

ஆஸ்பத்திரியில் நடந்ததை அவள் உனக்குப் பாதிதான் சொல்லியிருக்கிறாள். மீதியைக் கேள். அறுவை மருத்துவரின் பெயர் பர்வானே. குழந்தையாக ஈரானிலிருந்து வந்தவள். சிரிப்பதில்கூட நேரத்தை வீணாக்காதவள். அவள் எதிரில் உட்கார்ந்ததும் என் வால்வு டிக் டிக்கென்று அடிக்க ஆரம்பித்தது. வாயைத் திறந்தால் அந்தச் சத்தம் வெளியே கேட்கும். பயந்தால் இன்னும் வேகமாகக் கேட்கும். இந்த உடம்பை வைத்துக்கொண்டு வீரன் மாதிரி நடிக்கவும் முடியவில்லை.

“ரத்தம் ஓடிட்டு இருக்கும்போதேவா பூசுவீங்க?” என்றேன்.

“ஆமா.”

“துடைக்காம?”

“துடைச்ச இடத்துல அடுத்த நொடியே வந்துடும் ரூனே. எவ்வளவுன்னு துடைக்கறது?”

“உப்புத்தாள்?”

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். “கல்லீரலுக்கா?”

“சரி, விடுங்க. பசையை எதுல கலக்கியிருக்கீங்க?”

“ஒரு மாதிரி எண்ணெய்ல.”

நான் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டேன்.

அக்கா, நீயே நியாயம் சொல். இந்தக் கரையில் படகு வைத்திருக்கிற எவனையாவது தூக்கத்தில் எழுப்பிக் கேள். காய வை, தேய், எண்ணெய்ப் பிசுக்கு போகத் துடை, மறுபடி காய வை, பிறகு பூசு என்பான். ஈரத்தில் எதுவும் ஒட்டாது. எண்ணெயில் அதைவிட ஒட்டாது. நான் ஞானஸ்நானம் வாங்கியது தேவாலயத்தில் என்றாலும் நம்புவது இந்த ஒன்றைத்தான். இவர்கள் என்னடா என்றால், பொங்கி வழிகிற இடத்தில், எண்ணெயோடு சேர்த்து, உள்ளே பூசித் தைத்து வீட்டுக்கு அனுப்புகிறார்களாம்.

சனிக்கிழமை சங்கத்தில் படகு இறக்கும் நாள். காப்பியும் பன்னும் சாப்பிடும்போது விஷயத்தைப் பொதுவில் வைத்தேன். தலைவர் பர்டில் பன்னைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார்.

“ஈரத்துல?” என்றார்.

“ஈரத்துல.”

“எண்ணெயோட?”

“எண்ணெயோட.”

“என் படகுக்கே ஒத்துக்க மாட்டேன் ரூனே. உன் ஈரல் என்ன அதைவிடக் கேவலமா?”

எல்லோரும் தலையாட்டினார்கள். இப்படியாக என் வைத்தியம் ஏகமனதாக முடிவாயிற்று. நம் படகு மட்டும் தார்ப்பாய்க்கு அடியில் கரையிலேயே கிடக்கிறது, யார் புண்ணியத்தில் என்று சொல்லத் தேவையில்லை.

போன வாரம் முகம் மழித்தபோது தாடையில் ஒரு கீறல். தொழில்காரன் கைக் கீறல், கண்ணுக்கே தெரியாது. ஒரு துண்டு முழுக்க நனைந்தது. அன்னெலி இன்னொரு துண்டை நீட்டினாள். அவள் பேசாமலிருந்தால் எனக்குப் பிடிப்பதில்லை.

ரூனே


ஓரஸ்ட் தீவு, மே 21

ரூனே,

கல்லீரலைப் பற்றிப் படகுச் சங்கத்தில் கருத்துக் கேட்ட ஒரே மனிதன் நீயாகத்தான் இருப்பாய். பர்டில் போன வருடம் தன் படகின் பின்பலகையைத் தலைகீழாகப் பொருத்தியவர் என்பதை நினைவூட்டுகிறேன்.

உன்னிடம் ஒரு கேள்வி. படகு தண்ணீரில் இருந்த காலத்தில் ஒவ்வொரு இலையுதிர் பருவத்திலும் சுக்கானிலிருந்து எதைச் சுரண்டி எடுத்தாய்? அது ஒட்டும்போது படகு கரையிலா இருந்தது? யாராவது சுக்கானைக் காய வைத்துக் கொடுத்தார்களா? கடலுக்குள், உப்புத் தண்ணீருக்குள், பாசி வழுக்கும் பலகையில், அலை அடித்துக்கொண்டிருக்கும்போது அது ஒட்டியது. நீ இரும்புத் தகட்டை வைத்துத் தட்டினால் கூடு உடைகிறது, அடித்தட்டு போகிறதா? நீ கெட்ட வார்த்தை சொல்கிறாய், அது போவதில்லை. ஈரத்தில் எதுவும் ஒட்டாது என்று நம்புகிறவன் வருடா வருடம் முழங்காலில் நின்று எதனோடு மல்லுக்கட்டினான்?

எண்ணெய் விஷயத்துக்கு வருகிறேன். கொட்டலசுக் குஞ்சு ஒட்டுவதற்கு முன் முதலில் விடுவதே எண்ணெய் மாதிரி ஒன்றைத்தான். அது பலகைமேல் இருக்கும் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போய் ஒரு சின்ன இடத்தை ஒதுக்கிக் கொடுக்கிறது. அந்த இடத்துக்குள் பசை இறங்குகிறது. நீ துணியால் செய்கிற வேலையை அது எண்ணெயால் செய்கிறது. அந்தப் பசையைச் செய்தவர்களும் அதையேதான் செய்திருக்கிறார்கள்: எண்ணெய் ரத்தத்தை விலக்கும், அதிலுள்ள ஒட்டுந்துகள்கள் சதையைப் பிடிக்கும். பர்வானே இதை உனக்குச் சொல்ல ஆரம்பித்திருப்பாள். நீ சட்டையை மாட்டிக்கொண்டிருந்தாய்.

வியாழக்கிழமை நிலையத்துக்கு வா. இந்த வாரம் குஞ்சுகள் இடம் தேடுகின்றன. நுண்ணோக்கி ஒன்று காலியாக இருக்கிறது. பெயின்ட்டைப் பற்றிப் பேச மாட்டேன். நீயும் பேசாதே.

சீவ்


கோதென்பர்க், மே 30

அக்கா,

வந்தேன், பார்த்தேன், பார்த்து முடித்ததும் ஒரு வார்த்தை பேசாமல் கிளம்பிவிட்டேன் என்று அன்னெலியிடம் குறைப்பட்டாயாம். கோபத்தில் இல்லை. என்ன பேசுவது என்று தெரியவில்லை. நாற்காலியில் உட்காருகிறவர் எழுந்து போகும்வரை வாய் மூடாத எனக்கு இப்படி ஆனது அன்னெலிக்கே பயமாகிவிட்டது. காரில் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

கண்ணாடித் துண்டில் ஒரு துளி கடல். அதற்குள் எள்ளில் பாதிகூட இல்லாத ஒன்று. தூசி என்று நினைத்தேன். நீ குமிழைத் திருகினாய், தூசி நடந்தது. முகத்திலிருந்து நீட்டிய இரண்டு கொம்புகளையே கால்களாக ஊன்றி, ஒன்றை எடுத்து, ஒன்றை வைத்து. ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு பார்க்க வருகிறவர்கள் காலணியைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு அறை அறையாகப் போவார்களே, சுவரைத் தட்டுவார்கள், ஜன்னலைத் திறந்து மூடுவார்கள், அதே நடை. ஓரிடத்தில் நின்றது. பிடிக்கவில்லை. நகர்ந்தது. இன்னொரு இடத்தைத் தடவியது. அதுவும் சரிப்படவில்லை.

“எதை வெச்சு முடிவு பண்ணுது?” என்றேன்.

“கொஞ்சம் தெரியும். மீதி தெரியாது” என்றாய்.

ஆயுள் முழுக்க அவற்றையே எண்ணிக்கொண்டிருக்கிற நீ ‘தெரியாது’ என்று அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாய். அதைக் கேட்டதும் ஏனோ எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

அப்புறம் அது நின்ற இடத்தில் தலையைக் குனிந்தது. “இப்போ எண்ணெய் விடும். அசையாம பாருடா” என்று கிசுகிசுத்தாய். எண்ணெயை நான் பார்க்கவில்லை. ஆனால் கொஞ்ச நேரம் கழித்து நீ குழாயால் தண்ணீரைப் பீய்ச்சினாய். பக்கத்திலிருந்த தூசியெல்லாம் பறந்தது, அது அங்கேயே இருந்தது. இனி அது தலையை ஊன்றிய இடத்திலேயே தலைகீழாகக் கூடு கட்டிக்கொண்டு, காலால் சாப்பாட்டை அள்ளிப் போட்டுக்கொண்டு, சாகும்வரை அங்கேயேதான் என்றாய். ஒரு சோபா வாங்க இரண்டு வருடம் யோசித்தவன் நான். இதற்கு ஒரே ஒரு முடிவு, அதையும் எள்ளில் பாதி உடம்போடு, அலைக்கு நடுவில் எடுக்கிறது.

திரும்பும் வழியில் சங்கத்தில் காரை நிறுத்தினேன். தார்ப்பாயைத் தூக்கிச் சுக்கானைப் பார்த்தேன். மூன்று வருடமாகக் காய்ந்து கிடக்கிறது. கொட்டலசு செத்து, கூடு உதிர்ந்து போய்விட்டது. அடித்தட்டு மட்டும் பலகையோடு பலகையாக வெள்ளை வட்டமாக இருக்கிறது. நகத்தை ஓட்டினேன். எங்கே மரம் முடிகிறது, எங்கே அது தொடங்குகிறது என்று நகத்துக்குத் தெரியவில்லை. அதைத் திட்டாமல் பார்த்தது அன்றுதான் முதல் முறை.

திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டேன். ஜூன் நடுவில் தேதி.

இதை அன்னெலிக்குச் சொல்லாதே: பயம் போகவில்லை. ஒட்டுமா ஒட்டாதா என்பதுகூட இல்லை. மயக்க மருந்து கொடுத்தபின் இந்த டிக் டிக் எனக்குக் கேட்காது. அது நின்றுபோனால், நின்றது எனக்குத்தான் கடைசியாகத் தெரியும்.

ரூனே


ஓரஸ்ட் தீவு, ஜூன் 4

ரூனே,

நீ கையெழுத்துப் போட்டது என்னால் என்று இருக்கக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

உனக்கு நான் காட்டியது கொட்டலசு. உன் வயிற்றில் வைக்கப்போவது கொட்டலசு அல்ல. அதைப் பார்த்து மனிதர்கள் செய்தது. பன்றிகளிடம் ரத்தத்தை நன்றாக நிறுத்தியிருக்கிறது. மனிதர்களில் இதுவரை கொஞ்சம் பேர். அவர்களில் ஒருவருக்கு வயிற்றை மறுபடி திறக்க வேண்டி வந்தது. பர்வானேயிடம் தொலைபேசியில் கேட்டேன், மறைக்காமல் சொன்னாள். உன்னிடமும் சொன்னாளாம். நீ ‘தெரியும்’ என்றாயாம். எனக்கு எழுதிய கடிதத்தில் அதை விட்டுவிட்டாய்.

நான் உன்னை அனுப்பி வைக்கவில்லை. வேண்டாம் என்று தோன்றினால் கடைசி நிமிடத்தில்கூடச் சட்டையை மாட்டிக்கொண்டு எழுந்து வா. அப்போதும் நான் எதுவும் சொல்ல மாட்டேன். எனக்கு இது கஷ்டம் என்று உனக்குத் தெரியும்.

அன்றைக்கு நான் கோதென்பர்க்கில் இருப்பேன். ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் காப்பிக் கடை ஒன்று இருக்கிறதாம். நீ என்னைப் பார்க்க வேண்டாம். நான் கீழேதான் இருப்பேன்.

சீவ்


கோதென்பர்க், ஆஸ்பத்திரி, ஜூன் 25

அக்கா,

படுத்துக்கொண்டே எழுதுகிறேன், எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. நர்ஸ் இதைப் பார்த்துவிட்டு, “டாக்டர் எழுத்து மாதிரி இருக்கு, உள்ள கை விட்டவங்க எழுத்தும் ஒட்டிக்கிச்சு போல” என்கிறாள்.

மத்திய கோடைத் திருநாளை இங்கேயே கொண்டாடினேன். மற்றவர்களுக்கு ஊறல் மீனும் புது உருளைக்கிழங்கும் ஸ்ட்ராபெர்ரி கேக்கும். எனக்குப் பெயர் தெரியாத ஒரு கஞ்சி. பக்கத்துக் கட்டிலில் ஒரு லாரி ஓட்டுநர். தன் கேக்கை என் பக்கம் பிடித்து, “பாத்துக்கங்க, பாக்கறதுக்குத் தடை இல்லையே” என்றார்.

உள்ளே என்ன நடந்தது என்று பர்வானேயைத் துளைத்தெடுத்தேன். என் உடம்புக்குள் நடந்ததில் நான் மட்டும்தான் இல்லை. கேட்டுத்தானே தெரிந்துகொள்ள வேண்டும். கட்டியை எடுத்தாயிற்று, முழுதாக, ஓரம் சுத்தமாக. எடுத்ததும் வெட்டிய முகம் முழுக்க ரத்தம் ஊற ஆரம்பித்ததாம். சுட்டுப் பார்த்தார்கள், பஞ்சு வைத்துப் பார்த்தார்கள். ஓர் இடத்தில் அடங்கினால் இன்னோர் இடத்தில் வந்தது.

“அப்புறம் பசையை அப்பி உள்ளங்கையால அழுத்தினேன்” என்றாள்.

“அப்புறம்?”

“கையை எடுத்தேன்.”

“எடுத்ததும்?”

“ஒண்ணும் இல்ல.”

“ஒண்ணும் இல்லன்னா?”

அவள் தன் கையைத் திருப்பிப் பார்த்தாள். “ஒண்ணும் வரல ரூனே. ரத்தமே வரல. நாங்க எல்லாரும் குனிஞ்சு பாத்துட்டு நின்னோம். ஒரு ஓரத்துல மட்டும் கசிஞ்சது, அங்க இன்னொரு தடவை வெச்சேன். கருவி எடுத்துக் குடுக்கிற அம்மா மட்டும், ‘அவ்வளவுதானா?’ன்னு கேட்டாங்க. அவங்க இந்த வேலைல எனக்கு முன்னாடியே இருந்தவங்க. அவங்க இப்படிக் கேட்டு நான் பாத்ததே இல்ல.”

சொல்லி முடித்தும் கிளம்பாமல் அந்தக் கையை இன்னொரு முறை திருப்பிப் பார்த்தாள். நேரத்தை வீணாக்காதவள் என்று சொன்னேனே, வீணாக்கினாள்.

உண்மையான பரீட்சை அதற்குப் பிறகுதான். வால்வுக்காக ரத்தம் உறையாத மருந்தைச் சொட்டுச் சொட்டாக மறுபடி ஏற்ற ஆரம்பித்தார்கள். விலாவிலிருந்து ஒரு குழாய் வெளியே வந்து ஒரு பையில் முடிந்தது. உள்ளே கசிந்தால் பை சிவக்கும். காலையில் வந்தவர்கள் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து பையைப் பார்த்துவிட்டு அதற்கே ‘வணக்கம்’ சொல்லிவிட்டுப் போனார்கள். நானும் பையையேதான் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். வைக்கோல் நிறம். மறுநாளும் வைக்கோல் நிறம். என் ரத்தம் உறைய மறுக்கிறது, உள்ளே ஏதோ ஒன்று அதைப் பொருட்படுத்தாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. சங்கத்து ஆட்களைக் கூப்பிட்டு இந்தப் பையைக் காட்ட வேண்டும் போலிருந்தது. நேற்று குழாயை எடுத்துவிட்டார்கள்.

நீ அன்று கீழே முழுப் பகலும் உட்கார்ந்திருந்தாய் என்று அன்னெலி சொன்னாள். ஒரு பன்னை வாங்கிப் பிய்த்துப் பிய்த்துத் தட்டில் குவித்து வைத்திருந்தாயாம், ஒரு துண்டுகூட வாயில் போடாமல். சேதி வந்ததும் அந்தக் குவியல் முழுவதையும் சாப்பிட்டாயாம்.

அந்தக் காட்சியைப் பார்க்க நான் இல்லாமல் போய்விட்டேன்.

தம்பி


ஓரஸ்ட் தீவு, ஜூலை 3

ரூனே,

குவியல் முழுவதையும் சாப்பிடவில்லை. பாதி. அன்னெலி எதையும் கூட்டித்தான் சொல்வாள்.

அந்தப் பசை உனக்குள் என்றைக்கும் இருக்குமா என்று அவளிடம் கேட்டாயாம், அவள் என்னிடம் கேட்டாள். இருக்காது. மாதக்கணக்கில் மெதுவாகக் கரையும். அது கரையும் வேகத்தில் உன் கல்லீரல் அந்த இடத்தை நிரப்பிக்கொள்ளும். கல்லீரலுக்கு அந்தத் திறமை உண்டு.

இதைத்தான் நான் சில நாட்களாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். என் கொட்டலசுக்கு விடத் தெரியாது. செத்தபிறகும் விடாது. மனிதர்கள் அதனிடம் பிடிப்பதைக் கற்றுக்கொண்டு, அதற்குத் தெரியாத ஒன்றைத் தாங்களாகச் சேர்த்திருக்கிறார்கள். காலையில் தட்டுகளில் ஒட்டிய குஞ்சுகளை எண்ணும்போது எண்ணிக்கை தப்பிவிடுகிறது. மறுபடி முதலிலிருந்து எண்ணுகிறேன். எனக்கு இப்படி ஆவதில்லை.

சங்கத்தில் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. நீயும் கேட்க மாட்டாய் என்று தெரியும். ஆகஸ்டில் நண்டுச் சாப்பாட்டுக்கு இருவரும் வாருங்கள். உனக்கு உப்புக் குறைத்து வேகவைக்கிறேன்.

சீவ்


கோதென்பர்க், நவம்பர் 12

அக்கா,

உன்னோடு நேற்றுகூட ஒரு மணி நேரம் தொலைபேசியில் பேசியாயிற்று. இருந்தும் இதை எழுதித்தான் அனுப்ப வேண்டும் என்று தோன்றியது.

இன்று காலை பர்வானே ஸ்கேன் படத்தைத் திரையில் போட்டாள். முதலில் கட்டியைத் தேடினாள். கட்டி இல்லை, வேறெங்கும் முளைக்கவும் இல்லை. அன்னெலி என் முழங்கையைப் பிடித்திருந்தாள். அந்த இடம் இன்னும் வலிக்கிறது. அதோடு முடிந்தது என்று எழுந்தேன். பர்வானே மட்டும் படத்தை விடவில்லை. இப்படித் திருப்பினாள், அப்படித் திருப்பினாள், மூக்கு திரையில் படும் அளவுக்குக் குனிந்தாள்.

“இன்னும் என்ன தேடறீங்க?” என்றேன். டிக் டிக் அறை முழுக்கக் கேட்டது.

“பசை வெச்ச இடத்தை.”

“காணோமா?”

“நான்தான் வெச்சேன். எங்க வெச்சேன்னு எனக்கு நல்லாவே தெரியும்.” அவள் விரலைத் திரையில் ஓட்டிக்கொண்டே போனாள். “இங்க கல்லீரல்தான் இருக்கு. இங்கயும் கல்லீரல்தான். எல்லாமே உங்களோடதுதான் ரூனே.”

மூவரும் அந்தச் சாம்பல் நிறப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்குள் ஒரு மருத்துவர் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறார், கிடைக்கவில்லை என்கிறார், அதைக் கேட்டு நாங்கள் மூவரும் சிரிக்கிறோம். வெளியே இருந்தவர்கள் என்ன நினைத்தார்களோ.

அன்னெலி கடைக்குப் போக வேண்டும் என்று பாதியில் இறங்கிக்கொண்டாள். டிராமில் தனியாக வீட்டுக்கு வந்தேன். மழை. எதிரில் ஒரு பெண் நனைந்த நாயை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். யாருக்கும் எதுவும் தெரியவில்லை. தெரிய அங்கே எதுவும் இல்லையே. என்னை இந்த உலகத்தோடு பிடித்து வைத்திருந்த ஒன்று, வேலை முடிந்ததும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிப் போயிருக்கிறது. எந்த நாளில் போனது, நான் அப்போது யாருக்கு முடிவெட்டிக்கொண்டிருந்தேன், என்ன வம்பு பேசிக்கொண்டிருந்தேன், எதுவும் தெரியாது. நன்றி சொல்லலாம் என்றால் அதற்கு முகவரி இல்லை.

எனக்குத் தெரிந்த முகவரி உன்னுடையது ஒன்றுதான். அதனால் இங்கே அனுப்புகிறேன்.

ரூனே